வயிற்று நோயோடு வாழும் முயல்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு முயலின் பெயர் மீசை. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்குக்குக் கீழே மட்டும் கறுப்பாக ஒரு தீற்றல், கண்ணைச் சுற்றி மை இட்டது போல வளையம். பெயரைக் கேட்டு ஆண் என்று நினைப்பார்கள், பெண் முயல்தான். பிறவியிலேயே பெருங்குடல் சரியாக வேலை செய்யாத நோய் அவளுக்கு. ஒன்றரை வயதில் அது தெரிந்தது, இப்போது ஏழு வயது. நடுவில் எத்தனை தடவை சாப்பாட்டை நிறுத்தினாள், எத்தனை இரவு உட்கார்ந்து சிரஞ்சில் ஊட்டினோம் என்று கணக்கு வைக்கவில்லை.

ஈரோட்டில் எங்கள் தெருவிலும், மருத்துவமனையில் காத்திருக்கும்போதும், தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் என்று போனிலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதி சொல்லி பாதி விட்டுவிடுகிறேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருந்து அளவு எதையும் இதில் எழுதவில்லை, அது உங்கள் முயலைத் தொட்டுப் பார்த்தவர் சொல்ல வேண்டியது.

முயலுக்கு வயிறு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது கத்தக்கூட மாட்டேங்குதே?

கத்தாது. நோஞ்சானாகத் தெரிகிற முயலைத்தான் நரி முதலில் பிடிக்கும், அந்தப் பயம் கூண்டுக்குள் வளர்ந்த முயலுக்கும் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள், புழுக்கையைப் பாருங்கள். நல்ல முயல் ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு புழுக்கை போடும். உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் உள்ளே புல் நார் தெரியும். அது சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, முடியில் கோத்த மாலை போல வந்தாலோ குடல் மெதுவாகிறது என்று அர்த்தம்.

அப்புறம் உட்காரும் விதம். வலி இருந்தால் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்காரும், அல்லது வயிற்றைத் தரையில் அழுத்தி நீட்டிப் படுக்கும், கொஞ்ச நேரத்தில் எழுந்து இடம் மாறி மறுபடி அதையே செய்யும். பல்லை நறநறவென்று சத்தமாகக் கடிக்கும். தடவிக்கொடுக்கும்போது மெல்ல வரும் பல் சத்தம் சந்தோஷத்துக்கு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். காது தொட்டால் சில்லென்று இருப்பதும் கெட்ட அறிகுறி.

எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் பயப்பட வேண்டும்? நாய் ஒரு நாள் பட்டினி கிடக்கிறதே?

நாயையும் பூனையையும் வைத்து முயலை அளக்கவே கூடாது. முயலின் குடல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய குடல். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடும் புழுக்கையும் இல்லையென்றால் அது அவசரம், விடியட்டும் பார்க்கலாம் என்று விடுகிற விஷயம் இல்லை. குண்டான முயலாக இருந்தால் இன்னும் மோசம், ஒன்றிரண்டு நாள் பட்டினியிலேயே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும்.

அப்படி உள்ளே என்னதான் நடக்கிறது?

முயல் புல்லைச் செரிப்பது இரைப்பையில் இல்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்று ஒரு பெரிய பை இருக்கிறது, வயிற்றுக்குள் பெரும் பகுதி இடத்தை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. மாவு அரைத்து வைத்த பாத்திரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நார் வேகமாக வெளியே தள்ளப்படும், பொடியானது சீக்கத்துக்குத் திரும்பும். அங்கே புளித்தது மென்மையான, பளபளப்பான, திராட்சைக் கொத்து போன்ற புழுக்கையாக வரும், அதை முயல் ஆசனவாயிலிருந்தே நேராகத் தின்றுவிடும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் தடுக்காதீர்கள், வைட்டமின் பியும் புரதமும் அதில்தான் கிடைக்கிறது.

வலியாலோ பயத்தாலோ நார் குறைந்ததாலோ குடல் மெதுவானால், உள்ளே இருப்பதிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது. நல்ல நுண்ணுயிர் குறைந்து காற்று உண்டாக்குகிற கிருமி பெருகுகிறது. வயிறு உப்புகிறது, வலிக்கிறது, வலியால் சாப்பிடுவதில்லை, சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகிறது. இந்தச் சுற்றைத்தான் குடல் தேக்கம் என்கிறோம், டாக்டர்கள் ஸ்டேசிஸ் என்பார்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, எனவே உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும்.

டாக்டர் "ஸ்டேசிஸ்" என்றார், மருந்து கொடுத்தார், சரியானது. ரெண்டு மாசத்தில் மறுபடி வந்துவிட்டதே, ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன் என்று சொல்லலாம். குடல் தேக்கம் என்பது காய்ச்சல் மாதிரி, அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது. காய்ச்சலை இறக்கிவிட்டு டைபாய்டை விட்டுவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். ஒரு தடவை வந்தால் வெயில், பயம், சாப்பாடு மாறியது என்று ஏதாவது காரணம் இருக்கலாம். மூன்றாவது தடவை வந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

முதலில் கடைவாய்ப் பல். முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேய வேண்டும், தேயாவிட்டால் ஓரத்தில் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். முன்பல்லைப் பார்த்துவிட்டு "பல் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பினால் போதாது. கடைவாய்ப் பல்லைக் கருவி வைத்து உள்ளே பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் தலைக்கு எக்ஸ்-ரே. தாடை ஈரமாக இருப்பது, புல்லை எடுத்துவிட்டுக் கீழே போடுவது, கீரையை மட்டும் தின்பது எல்லாம் பல்லைக் காட்டும் அறிகுறிகள். அடுத்து சிறுநீர்ப்பையில் கல் அல்லது சுண்ணாம்புச் சேறு, பெண் முயலென்றால் கருப்பை, வயதான முயலென்றால் மூட்டு வலி. எங்கே வலித்தாலும் முயலுக்குக் குடல்தான் நிற்கும்.

எங்கள் முயலுக்குப் புழுக்கை எப்போதுமே பெரிசா, கோணலா, பிசுபிசுன்னு வருது. சாப்பாடும் நிறைய. ஆனா ஒல்லி. இது என்ன?

முயல் பெரும்பாலும் வெள்ளையாக, மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் கொஞ்சம் நிறத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் மீசைக்கு இருக்கிற அதே நோயாக இருக்கலாம், மெகாகோலன் என்பார்கள். புள்ளி நிறத்துக்கான மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் நிறம் இப்படிக் குறைந்து போகும், இந்த வகை முயல்களை வெளிநாட்டில் சார்லி என்று அழைக்கிறார்கள். அந்த மரபணு குடலை அசைக்கும் அமைப்பையும் பாதிக்கிறது. கிட் என்ற மரபணுதான் இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது என்று 2014இல் வந்த ஆராய்ச்சி காட்டியது. எல்லாச் சார்லி முயலுக்கும் நோய் வெளிப்படுவதில்லை, சிலவற்றுக்கு வயதான பிறகு தெரியவரும்.

இது குணமாகாது. அறுவை சிகிச்சையும் கிடையாது. ஆனால் சமாளிக்க முடியும், வருடக் கணக்கில். மீசைக்கு எங்கள் மருத்துவர் குடலை அசைக்கும் மருந்து தினமும் எழுதியிருக்கிறார், வலி வரும்போது வலி மருந்து, தண்ணீர்ச் சத்து எப்போதும் குறையாமல் பார்த்துக்கொள்வது, மற்றபடி எல்லாமே புல். புள்ளி நிறமுள்ள இரண்டு முயல்களைச் சேர்த்துக் குட்டி போட வைக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். நான்கு குட்டியில் ஒன்று இப்படிப் பிறக்க வாய்ப்பு இருக்கிறது.

கேரட் கொடுக்கலாம்ல? முயலுக்குப் பிடித்ததே அதுதானே?

பிடிக்கும். குழந்தைக்கு மிட்டாய் பிடிப்பது போல. கேரட்டில் சர்க்கரை அதிகம், வாழைப்பழம் இன்னும் அதிகம். குடல் நோய் இருக்கிற முயலுக்கு நான் கேரட் கிழங்கே கொடுப்பதில்லை, மேலே இருக்கிற தழையைக் கொடுக்கிறேன். பிஸ்கட், சாதம், சப்பாத்தி, பொரி எதுவும் வேண்டாம். முயல் பண்ணைகளில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் தவிடும் கொடுப்பது எடை ஏற்றி விற்பதற்கு. பத்து வருடம் கூட இருக்க வேண்டிய முயலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாவுச்சத்து சீக்கத்துக்குப் போனால் காற்று உண்டாக்கும் கிருமிக்கு விருந்து.

அப்போ என்னதான் கொடுப்பது? டிமோத்தி புல் விலை கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் போதாதா?

சாப்பாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், காய்ந்ததோ பச்சையோ. தினமும் முயல் அளவுக்கு ஒரு குவியல் வையுங்கள். வைக்கோல் கீழே பரப்ப நல்லது, கொறித்தாலும் தப்பில்லை, ஆனால் அதில் சத்து கிடையாது, அதையே சாப்பாடாக நம்ப முடியாது.

டிமோத்தி என்பது முயலுக்கென்று கடையில் விற்கிற காய்ந்த புல். நாங்கள் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டு அருகம்புல்லும், கோ-4 என்று சொல்லும் கம்பு நேப்பியர் புல்லும் கொடுக்கிறோம். கோ-4 தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாட்டுக்காக வெளியிட்ட ரகம், மாடு வைத்திருக்கிற யாரிடமாவது ஒரு கரணை கேட்டு வாங்கி நட்டால் வீட்டுப் பின்னாலேயே வரும். அதை மட்டுமே கொடுக்காதீர்கள், ஆக்சலேட் என்ற உப்பு இருக்கிறது, அதிகமானால் கெடுதல், கலந்து கொடுங்கள். பச்சையை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் காய்ந்த புல் தயார். பூஞ்சை வாடை வந்தால் மொத்தமாகத் தூக்கி எறியுங்கள், பாவம் பார்க்காதீர்கள். இளம் சோளப்பயிர் வேண்டவே வேண்டாம், அதில் சயனைடு விஷம் உண்டாகும், மாடே செத்துப்போகும். பிள்ளையாருக்கு வாங்குகிற அருகம்புல் கட்டையும் அலசித்தான் கொடுக்க வேண்டும்.

குதிரைமசால் என்ற தீவனப் பயிர் குட்டிக்கு நல்லது. ஆறு மாதத்துக்கு மேல் புரதமும் சுண்ணாம்பும் அதிகமாகிவிடும், சிறுநீர்ப்பைச் சேறு என்று மேலே சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீரை கொடுக்கலாமா கூடாதா, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கொத்தமல்லி, புதினா நல்லது. முருங்கைக்கீரையும் அகத்தியும் எப்போதாவது ஒரு கிளை. பாலக், சிறுகீரை, அரைக்கீரை மாதிரியானவை ஆக்சலேட்டுக்காகக் குறைவாக. முட்டைக்கோஸ் மீசைக்கு ஒத்துவரவே இல்லை, இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் உப்புசம். ஒரு முயலுக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு இலை, ஒரு நாள் இடைவெளி, புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்தது. கழுவின ஈரத்தோடு கொடுத்தால் தண்ணீரும் கொஞ்சம் உள்ளே போகும், எங்கள் வீட்டில் எப்போதும் ஈரமாகத்தான்.

வயிறு சரியில்லைன்னா தயிர் கொடுக்கலாமா? கிரைப் வாட்டர், ஓமத் தண்ணி?

மூன்றும் வேண்டாம். நமக்கு வயிறு கெட்டால் மோர் குடிக்கிறோம், அதனால் இந்தக் கேள்வி வருவது நியாயம்தான், என் அம்மாவே முதலில் தயிரைத்தான் எடுத்து வந்தார். ஆனால் வளர்ந்த முயலின் உடம்பு பாலைச் செரிக்கப் பழகியது இல்லை. கிரைப் வாட்டரில் சர்க்கரை இருக்கும். ஓமம் முயலின் குடலுக்கு உதவும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

குழந்தைகளுக்குக் காற்றுக்காகக் கொடுக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்தை முயலுக்கும் மருத்துவர்கள் சொல்வதுண்டு. கெடுதல் இல்லை, ஆனால் அது மட்டுமே நின்றுபோன குடலை ஓட்டிவிடாது. அதைக் கொடுத்துவிட்டு இனி பயமில்லை என்று தூங்கப் போய்விடுவதுதான் ஆபத்து.

முடி உருண்டைதான் அடைக்குது, அன்னாசி ஜூஸ் கொடுத்தா கரையும்னு சொன்னாங்களே?

அன்னாசியிலோ பப்பாளியிலோ இருக்கிற நொதி முடியைக் கரைக்காது. முயல் தன்னை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி, அதன் இரைப்பையில் எப்போதும் முடி இருக்கும், குடல் ஓடினால் அதுவும் ஓடிப்போகும். பெரும்பாலும் குடல் நின்றதால்தான் முடியும் புல்லும் காய்ந்து இறுகுகிறது, முடியால் குடல் நின்றதில்லை. சிறிய, கெட்டியான முடிக்கட்டி சிறுகுடலில் போய்ச் சிக்குவது வேறு விஷயம், அது நிஜமான அடைப்பு, அதையும் ஜூஸ் கரைக்காது. முடி உதிரும் காலத்தில் தினமும் சீவுங்கள், அந்த ஒரு வேலை எந்த ஜூஸையும் விட நல்லது.

தேக்கத்துக்கும் அடைப்புக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

வீட்டில் உறுதியாகத் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்கலாம். தேக்கம் படிப்படியாக வரும், நேற்றிலிருந்தே புழுக்கை சிறுத்திருக்கும், இன்று காலை கீரையை மோந்து பார்த்துவிட்டு விட்டிருக்கும். அடைப்பு திடீரென்று வரும். மதியம் ஓடி விளையாடிய முயல் மாலையில் சுருண்டு கிடக்கும், மேல் வயிறு பந்து போல இறுகியிருக்கும், காது சில்லிட்டுப்போகும், மணிக்கு மணி மோசமாகும்.

அடைப்பு இருக்கும்போது சிரஞ்சில் ஊட்டினால், அல்லது குடலை அசைக்கும் மருந்தைக் கொடுத்தால் இரைப்பை கிழியக்கூடும். அதனால்தான் முதலில் வயிற்றுக்கு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்கிறேன். ரத்தச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், அடைப்பில் அது 360ஐத் தாண்டி ஏறுவது வழக்கம், தேக்கத்தில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுகிற இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை.

ராத்திரி பதினோரு மணி, முயல் சாப்பிடவில்லை, எந்த மருத்துவமனையும் திறந்திருக்கவில்லை. என்ன செய்ய?

முதலில் ஜுரமானி. வீட்டில் இருக்கும் டிஜிட்டல் ஜுரமானியின் நுனியில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் மெதுவாக ஒரு சென்டிமீட்டர் போல வைத்துப் பாருங்கள். மருத்துவரிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இது, நடு ராத்திரியில் முதல் முறையாகச் செய்யாதீர்கள். 101 முதல் 104 ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். 100க்குக் கீழே போயிருந்தால் வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், விலகிப் போக முயலுக்கு இடம் இருக்க வேண்டும். உடம்பு சூடேறாமல் சாப்பாடு ஊட்டக் கூடாது.

வயிறு பந்து போல இறுகவில்லை, உடம்பு சூடு சரியாக இருக்கிறது, படிப்படியாகத்தான் மந்தமானது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிடித்த தழையை மூக்கருகே நீட்டுவது, தரையில் நாலடி நடக்க விடுவது, முன்பே மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மருந்து இருந்தால் அவர் சொன்ன அளவில் அது. முன்பே என்ற சொல்லைக் கவனியுங்கள். நாள்பட்ட நோய் உள்ள முயலுக்கு ஒரு ராத்திரிக்கான மருந்தை எழுதி வாங்கி வீட்டில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. மனிதர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

முதல் தடவை மீசைக்கு இப்படி ஆனபோது விடியும்வரை அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தோம், வேறொன்றும் தெரியாது. இப்போது போனில் நான்கு எண்கள் இருக்கின்றன, அதில் ஒருவர் வெளியூர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எங்களுக்கு எட்டும் தூரம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி, தெற்கே திருநெல்வேலி, தஞ்சைப் பக்கம் ஒரத்தநாடு. முயல் நன்றாக இருக்கும்போதே போன் செய்து எந்த நேரம் பார்ப்பார்கள், முயல் பார்க்கிறவர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

சிரஞ்சில் ஊட்டினால் எல்லாம் வெளியே துப்புகிறது. எப்படி ஊட்டுவது?

துண்டில் தலை மட்டும் தெரியச் சுற்றிக்கொள்ளுங்கள், குழந்தையைச் சுற்றுவது போல. மடியில் நான்கு காலும் கீழே இருக்கும்படி உட்கார வையுங்கள். மல்லாக்க மட்டும் படுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் இடைவெளி இருக்கும், அதில் சிரஞ்ச் நுனியை வைத்து அரை மில்லி, ஒரு மில்லி மட்டும் தள்ளி, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் துப்பத்தான் செய்யும்.

இதற்கென்று விற்கிற மாவு கிடைத்தால் நல்லது, ஒரு பாக்கெட் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் புல் பெல்லட்டை, அதாவது கடையில் விற்கிற முயல் தீவனக் குச்சியை, பொடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சிரஞ்சை அடைக்காத அளவுக்கு வடிகட்டிக்கொள்ளலாம். பொதுவாக ஒரு தடவைக்குக் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து மில்லி, நாளைக்கு நாலைந்து தடவை என்பார்கள், உங்கள் முயலுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடைப்பு பற்றி மேலே சொன்னதை மறக்க வேண்டாம், அந்தச் சந்தேகம் இருந்தால் ஊட்டவே கூடாது.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள், குழந்தைக்கே கொடுக்கிறதுதானாம்.

கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், இவையெல்லாம் வாய் வழியாக முயலுக்குப் போனால் சீக்கத்தில் இருக்கிற நல்ல நுண்ணுயிரைக் கொன்று, விஷம் சுரக்கும் கிருமியைப் பெருக வைக்கும். வயிற்றுப்போக்கு வந்து ஓரிரு நாளில் முயல் செத்துப்போகும். மீசைக்கு முன்னால் எங்களிடம் இருந்த முயல் அப்படித்தான் போனது. தும்மலுக்காக ஒரு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சிரப், நாங்களும் நல்லதென்று நம்பி வேளை தவறாமல் ஊட்டினோம். அதனால்தான் எந்த மருந்தாக இருந்தாலும் "இது முயலுக்கு வாயில் கொடுக்கலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன், யார் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

உண்ணிக்கு நாய் மேல் விடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது.

பின்பக்கம் எப்போதும் அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயிற்றுப்போக்கா?

உருண்டைப் புழுக்கையும் வருகிறது, கூடவே பிசுபிசுப்பாக ஒட்டுகிறது என்றால் அது தின்னாமல் விட்ட மென்புழுக்கை. சத்து அதிகமாகி நார் குறைந்திருக்கும், அல்லது குண்டாகவோ முதுகு வலியாலோ குனிய முடியாமல் இருக்கும். பெல்லட்டைக் குறைத்துப் பாருங்கள், கிலோவுக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராமுக்கு மேல் வேண்டாம். ஒட்டியதை ஈரத் துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள், ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும், நம் ஊர் வெயிலில் ஒரே நாளில்.

உருண்டையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அது நிஜமான வயிற்றுப்போக்கு. குட்டிகளுக்கு இது பெரும்பாலும் காக்சீடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும், மல சோதனையில் தெரியும், அன்றே பார்க்க வேண்டும்.

வெயில் காலத்தில்தான் அடிக்கடி வருகிறது. ஏசி இல்லாத வீட்டில் என்ன செய்வது?

முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காது வழியாகத்தான் வெளியேற்றும். முப்பது டிகிரிக்கு மேலே போனாலே சிரமம், அக்னி நட்சத்திரத்தில் ஈரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், சாய்ந்துகொள்ளும். தரையில் ஒரு டைல்ஸ் கல், காதில் ஈரக் கையால் தடவல், ஜன்னலில் நனைத்த சாக்கு. தகரக் கூரை, மொட்டை மாடி இரண்டும் வேண்டாம். தண்ணீரைப் பாட்டிலை விடக் கனமான கிண்ணத்தில் வைத்தால் அதிகம் குடிக்கும், இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் அதிகம். கிலோவுக்கு நூறு மில்லி அளவு ஒரு நாளைக்கு உள்ளே போகிறதா என்று அளந்து பாருங்கள்.

மீசைக்கு மே மாதத்தில் தோலுக்கு அடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் ஏற்றுகிறோம், மருத்துவர் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே.

தீபாவளிக்கு?

ஒரு வாரம் முன்பிருந்தே கவனம். உள் அறை, கதவு ஜன்னல் சாத்தி, மின்விசிறி ஓடவிட்டு, ஒளிந்துகொள்ள அட்டைப் பெட்டி. பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருங்கள், தூக்கி வைத்துக் கொஞ்ச வேண்டாம், அது இன்னும் மிரளும். வெடிச் சத்தம் அடங்கிய மறுநாள்தான் பல முயல்களுக்குச் சாப்பாடு நிற்கிறது, அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

கூரான கடைவாய்ப் பல்லைத் தேய்த்துச் சரிசெய்ய மயக்க மருந்து கொடுக்கணுமாம். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போடச் சொன்னார்கள், சரியா?

சரியில்லை. நாய்க்குப் பட்டினி போடுவது மயக்கத்தில் வாந்தி எடுக்கும் என்பதால். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்று முன்பே பார்த்தோம். பட்டினி போட்டால் மயக்கம் தெளிந்ததும் குடல் தேக்கம் வரும். கிளம்பும்வரை சாப்பிட விடுங்கள், வாயில் புல் இல்லாமல் இருந்தால் போதும், முயலுக்குப் பிடித்த புல்லையும் தழையையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், "முயலுக்குப் பட்டினி தேவையில்லை என்று படித்தேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" முயல் அடிக்கடி பார்க்கிறவர் ஒப்புக்கொள்வார்.

முன்பல் நீண்டுவிட்டது என்று நகவெட்டியால் வெட்டுகிற வேலையும் வேண்டாம், பல் நெடுகப் பிளந்து வேரில் சீழ் வைக்கும்.

செலவு தாங்கவில்லை. எதைக் குறைக்கலாம்?

கடைத் தின்பண்டம், வண்ண வண்ண பெல்லட், வைட்டமின் சொட்டு, உப்புக்கல் எல்லாவற்றையும் நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. புல்லை நீங்களே வளர்க்கலாம். குறைக்கக் கூடாதவை வலி மருந்தும் பல் பரிசோதனையும். அப்புறம் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள், வாழ்நாளுக்கு ஒரு தடவைச் செலவு. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுதுகிறோம், பக்கத்தில் புழுக்கை எப்படி, எவ்வளவு சாப்பிட்டாள் என்று ஒரு வரி. மீசை ஒன்றே முக்கால் கிலோ, ஐம்பது கிராம் குறைந்தாலே நாங்கள் உஷார். ஆள் பார்க்க நன்றாக இருக்கும்போதே தராசு சொல்லிவிடும். இந்த நோட்டு வந்த பிறகு மருத்துவமனையில் இரவு தங்க வேண்டி வந்தது ஒரே ஒரு தடவைதான்.

இப்படிக் கஷ்டப்படுத்தி வைத்திருப்பது பாவம் இல்லையா? எப்போது போதும் என்று முடிவு செய்வது?

என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கப்படுவது இது, நானும் கேட்டுக்கொண்டதுதான். நோட்டைத்தான் பார்க்கிறேன். ஒரு மாதத்தில் எத்தனை நாள் தானாக வந்து புல் தின்றாள், எத்தனை நாள் காலடியில் சுற்றினாள், எத்தனை நாள் மூலையில் கிடந்தாள். நல்ல நாள் அதிகமாக இருக்கும்வரை அது அவளுடைய வாழ்க்கை, அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கெட்ட நாள் தொடர்ந்து அதிகமாகி, வலி மருந்துக்கும் அடங்காமல், ஊட்டினால் மட்டுமே உயிர் என்று ஆகிவிட்டால் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். முதலில் மயக்க ஊசி போட்டுத் தூங்கிய பிறகு அடுத்த ஊசி போடச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, பக்கத்தில் இருக்கவும் உரிமை உண்டு.

வீட்டில் இன்னொரு முயல் இருந்தால் உடலை உடனே எடுத்துப் புதைத்துவிடாதீர்கள். சில மணி நேரம் அதன் பக்கத்தில் வையுங்கள். மோந்து பார்க்கும், நக்கிக்கொடுக்கும், பிறகு தானாக விலகிப் போகும். துணை காணாமல் போனதை மட்டும் பார்த்த முயல் தேடித் தேடிச் சாப்பாட்டை விட்டுவிடும், அடுத்த பத்து நாள் அதன் புழுக்கையையும் எடையையும் எழுதுங்கள்.